வீடு என்று எழுதினால் போதும்

ஜெர்மனியில் எதற்கும் கடிதம் எழுத வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு இனி வரமாட்டேன் என்று நேரில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பெண் சிரித்தபடி, "எழுதி அனுப்புங்கள்" என்றாள். எதிரே நிற்கிற ஆளை நம்பாமல், அதே ஆள் அனுப்பும் காகிதத்தை நம்புகிற ஊர் இது.

ஒவ்வொரு கடிதத்திலும் முகவரியை அடித்தடித்துச் சலித்துப்போன எனக்கு, உடன் வேலை செய்பவர் ஒரு குறிப்புச் செயலியைக் காட்டினார். ஒரு சொல்லுக்கு நாமே பொருள் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தச் சொல்லை அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும், முழு விவரமும் வந்து உட்கார்ந்துவிடும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாக் குறிப்புகளிலும் மாறிவிடும். எனக்கு ஒரே பூரிப்பு. ஸ்டுட்கார்ட் விலாசத்துக்கு 'முகவரி' என்று பெயர் வைத்தேன். ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் அண்ணன் கட்டிக்கொண்டிருந்த வீட்டு விலாசத்துக்கு 'வீடு' என்று வைத்தேன்.

புதுமனை புகுவிழா பத்திரிகையை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவளுக்குப் பிழை வராது என்பது அவன் நம்பிக்கை. அதே செயலியில், விழா நடக்கும் இடத்துக்கு 'வீடு' என்ற சொல்லைப் போட்டு எழுதி அனுப்பினேன். பங்காளிகள் பெயர் வரிசையை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டுச் சரி என்றான். அந்த வாரம் நான் வேறு ஃபிளாட்டுக்குக் குடிபோனேன். செயலியில் 'முகவரி'யை மாற்ற வேண்டியவள், மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே 'வீடு' என்பதை மாற்றிவிட்டேன். அப்புறம்தான் பத்திரிகையை நகலெடுத்துத் திருப்பத்தூர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் என் தெருவின் நீளமான பெயரைப் பொறுப்பாகத் தமிழில் எழுத்துக்கூட்டி, தங்க எழுத்தில் அடித்துக் கொடுத்தார்கள். அண்ணன் கட்டைப் பிரித்துப் படிக்காமலே ஊரெல்லாம் கொடுத்துவிட்டான்.

முதல் போன் செங்கத்திலிருந்து வந்தது. தாய்மாமா.

"சுமதி, பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன். உங்க அத்தைக்கும் சேத்துதான். குளுருக்கு இன்னா எடுத்துக்கினு வர்றது?"

"எங்க மாமா போறீங்க?"

"உங்க வூட்டுக்குத்தான். பத்திரிக வெச்சிட்டு எங்கன்னு கேக்கறியே!"

அடுத்தது அண்ணன். "இன்னா வேல பண்ணி வெச்சிருக்கே? மேஸ்திரி வந்து நிக்கறாரு. அப்ப நான் கட்னது இன்னாங்கன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?"

சிரிப்பு முட்டியது, ஆனால் அவன் குரல் உடைந்திருந்தது. பல வருஷமாக வாடகை வீட்டில் இருந்துவிட்டுக் கட்டிய வீடு. ஊர் ஊராகப் போன் போட்டு, மலைக்கே வாருங்கள் என்று அவனே திரும்ப அழைத்தான். மாமாவைச் சமாதானப்படுத்தத்தான் நாளாயிற்று.

விழா நாளன்று காலை, போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்து, அங்கே பந்தி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. வாசலில் பட்டுப்புடவைகளும் குழந்தைகளுமாக முன்பின் தெரியாத ஒரு கூட்டம். பத்திரிகையின் படம் வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி இந்த ஊர்த் தமிழர்கள் குழுவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

"நம்ம பக்கத்துப் பத்திரிகையா இருக்கேன்னு வந்துட்டோங்க" என்றார் முன்னால் நின்றவர். வாணியம்பாடிக்காரர், பெயர் அன்வர். அவர் மனைவி கையில் உறை போட்ட ஒரு எவர்சில்வர் குடம்.

கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து என்ன விசேஷம் என்றாள். வீட்டுக்குள் நுழையும் விழா என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

"நீங்கள் போன மாதமே நுழைந்துவிட்டீர்களே! சாவி தொலைந்துவிட்டதா?"

வந்தவர்களிடம் விலாசம் மாறிய கதையைச் சொல்லி, அவளையும் உட்காரவைத்து உப்புமா கிண்டினேன். போனில் மாமாவின் முகம் பெரிதாகத் தெரிந்தது. இத்தனை பேரைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் ஒக்காந்து சாப்ட்டுத்தான் போவணும்!" என்று மலையிலிருந்து கத்தினார். இங்கிருந்தவர்கள் "சரிங்க" என்றார்கள். அண்ணன் எட்டிப் பார்த்துக் கைகூப்பினான். கோபம் போயிருந்தது.

அன்வரின் மனைவி குடத்தை நீட்டினார். "இது எந்த வூட்டுக்குங்க?"

போனைப் பார்த்தேன். அண்ணனும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தான். வாங்கினேன். சமையலறையிலும் வைக்காமல், ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியிலும் வைக்காமல், கதவை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, உறைகூடப் பிரிக்காமல்.