மோட்டார் போட்ட நேரம்

செஞ்சியில் நான் நர்ஸாக இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் காலை, சிங்கவரத்திலிருந்து ஒருவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்தது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் வாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தெரியாமல் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். அந்த ஊசிக்கு விழுப்புரம் அனுப்ப வேண்டும். அங்கே முதல் கேள்வியே, எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான்.

எங்கள் டூட்டி டாக்டர் சின்ன வயசு. அவர் கேட்டதில் தப்பில்லை, கேட்ட விதம்தான்.

"எத்தனை மணிக்கும்மா இப்படி ஆச்சு?"

"தெரியலையே சார்," என்றார் மனைவி.

"கடைசியா எப்ப நல்லா பேசினார்? சொல்லும்மா!"

"தெரியலையே..."

டாக்டரின் குரல் ஏற ஏற, அந்த அம்மாவுக்கு இருந்த ஞாபகமும் போயிற்று. புருஷன் வயசைக் கேட்டால் மகன் வயசைச் சொன்னார். எனக்கு டாக்டர் மேல் எரிச்சலாக வந்தது.

"சார், நீங்க பி.பி. பாருங்க, நான் கேக்கறேன்," என்றேன். அந்த அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"காலையில இன்னாக்கா செஞ்ச?"

"கூழுதான். அவரும் குடிச்சாரு."

"அப்புறம்?"

"மல்லாட்டைச் செடிக்குத் தண்ணி உடணும்னு கரண்டுக்குக் காத்துனு இருந்தாரு. கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டாரு. மடையத் திருப்புடின்னாரு. திருப்பிட்டு நிமுந்து பாக்கறேன், உழுந்து கெடக்கறாரு."

வயல் மோட்டாருக்குக் கரண்ட் முறை வைத்து, குறித்த மணிக்குத்தான் விடுவார்கள்.

"கரண்ட் எப்பக்கா உடறாங்க?"

"இந்த வாரம் ஒம்போது மணிக்கு. இது கூடத் தெரியாதா?"

மணி கேட்டபோது தெரியாதவருக்கு, கரண்ட் கேட்டபோது தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால். டாக்டர் உடனே விழுப்புரத்துக்கு ஃபோன் போட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, "நானும் டென்ஷன் ஆயிட்டேன் சிஸ்டர்," என்றார்.

சில மாதம் கழித்து அந்த மனுஷர் கையில் குச்சியோடு தானே நடந்து வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூட வந்த மனைவியிடம், "என்னைத் தெரியுதாக்கா?" என்றேன்.

உற்றுப் பார்த்தார். "இல்லையேம்மா. அன்னைக்கு ஒரு டாக்டரு கத்தனாரு. அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்குது."

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: பயந்து போனவரிடம் கத்திக் கேட்டால் பதில் வராது, கத்தியது மட்டும் அவருக்குள் தங்கிவிடும்.