ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு

இன்று மதியம் தம்போயில் நான் எடுக்கும் டியூஷன் வகுப்பில் ஓர் இளையோர் நாவலை நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளத்தில் ஆற்றைக் கடந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணின் கதை. ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் ஆற்றைக் கடக்கிறாள்.

"ஒன்பதாம் அத்தியாயத்துக்கு அப்புறம் அவ பொறுமைசாலியா மாறிடுறா, எழுதிக்குங்க" என்றேன். ஐந்து வருடமாக இதையேதான் சொல்லிவருகிறேன்.

பதினாறு வயது, நான்காம் படிவ மாணவி யாழினி எழுதவில்லை.

"அவ மாறல லா டீச்சர். ஆத்துலயே செத்துட்டா. அதுக்கப்புறம் யாருமே அவகிட்ட பேசல, பாருங்க."

சிரித்துக்கொண்டே புரட்டினேன். கதையில் அந்தப் பெண் தன் அம்மாவிடம் பேசுகிறாள். அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள். அவள் தோழியைக் கூப்பிடுகிறாள், தோழி திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கம் வரை அவளுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புத்தகத்தை மூடி வைத்தேன்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"அப்பா தவறினதிலருந்து எங்க வீட்டுல நான் பேசுனாலும் இப்படித்தான் டீச்சர். அதான் படிச்சதும் தெரிஞ்சிருச்சு."

வகுப்பு முடிந்து அவள் அம்மா காரில் வந்தபோது நானும் கீழே இறங்கிப் போனேன். "இவ இன்னிக்கு என்ன சொன்னான்னு கேளுங்கக்கா" என்றேன். அவர் மெதுவாகத் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கார் எஞ்சினை அணைத்துவிட்டார்.

இந்த நாவலைப் படித்தவர்கள், ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு எங்கேயாவது யாராவது பதில் சொல்லியிருந்தால் பக்க எண்ணைச் சொல்லுங்கள். நான் இதைத் தனியாக உட்கார்ந்து மறுபடி படிப்பதாக இல்லை.