மழைக்கோட்டும் மாமன் மடியும்

கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். வண்டி என் கைக்கு வந்த முதல் கோடையிலேயே சீட்டின் ரெக்சினைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நாற்காலி பின்னும் பிளாஸ்டிக் வயரால் பின்னி வைத்துக்கொண்டேன். அடியில் காற்று ஓடும். மலைப்பாதையில் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் வேர்வை தங்காது. அந்த வயரின் முடிச்சு ஒவ்வொன்றும் என் பின்புறத்துக்கு அத்துப்படி.

ஒரு நாள் காலை ஏற்றத்தில் கியரை மாற்றும்போது அந்த முடிச்சுகள் தெரியவில்லை. சீட்டின் மேல்தான் இருக்கிறேன், ஆனால் சீட்டு இல்லை. கையைக் கீழே விட்டுத் தடவிப் பார்த்தேன். சீட்டு அதே இடத்தில்தான் இருந்தது. காணாமல் போனது நான்தான்.

முதுகுவலி எனக்குப் பழைய சொந்தம். டிரைவர் வேலையில் அது சம்பளத்தோடு சேர்ந்து வருவது என்று விட்டுவிட்டேன். மதியம் வெள்ளிமலையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கப் போனால் சிறுநீர் வரவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. உடம்புச் சூடு என்று நினைத்து மோர் வாங்கிக் குடித்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது தொடையிடுக்கு மரத்துப்போய் சிறுநீரும் அடைத்துக்கொண்டால், தயவுசெய்து மோர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் மறுநாள் கால் தரையில் இழுபட ஆரம்பித்த பிறகுதான் போனேன்.

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) பிதுங்கி, வால்நரம்புகளை (தண்டுவடத்தின் அடியில் பிரிந்து கால்களுக்கும் மூத்திரப்பைக்கும் போகும் நரம்புக் கொத்து) நசுக்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் நடந்தது. வலி போய்விட்டது. கால்கள் மெல்ல மெல்ல என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தன. மூத்திரப்பை மட்டும் கேட்கவில்லை.

கதீட்டரை (சிறுநீர் இறங்குவதற்காகப் போடும் குழாய்) எடுத்த அன்று படுக்கை நனைந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. என் மனைவி வளர்மதிதான் பார்த்துச் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றியது.

டாக்டரம்மா வந்து பஞ்சால் தடவி, ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இடது தொடையின் உட்பக்கம் முழுவதும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "நரம்பு ரொம்ப மெதுவாத்தான் வளரும். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அதுவரைக்கும் டயப்பர்.

எனக்கு ஒரே தங்கை, சுமதி. மணலூர்பேட்டையில் வாக்கப்பட்டவள். கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லாமல், பார்க்காத வைத்தியமெல்லாம் பார்த்து, போன வருஷம்தான் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். அதற்கு அவன் தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் நான்தான்.

சுமதி குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது நானே பேச்சை எடுத்தேன். பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான், அவன் உட்காரட்டுமே என்றேன்.

"இன்னா பேசிக்கினு கீற நீ? உம் மடி இல்லன்னா மொட்டையும் இல்ல, காதுகுத்தும் இல்ல. பரட்டத் தலையோடவே வளரட்டும்" என்றாள்.

"சொன்னாக் கேளு சுமதி. நானே இப்ப ஒரு கொழந்த மாதிரி."

"அப்ப ரெண்டு பேருமா உக்காருங்க. தை மாசம் நாள் பாத்துட்டோம்ண்ணா. அதுக்குள்ள எழுந்து வா."

அவள் போன பிறகு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி நிற்கும். நடுவில் நான் வேட்டி கட்டி உட்கார்ந்திருப்பேன். வேட்டி நனைந்தால்? நாற்றம் அடித்தால்? அதுவும் அத்தனை வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளையின் மேல் பட்டால்? தங்கை என்னை ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருந்துக் கடையில் கிடைத்த டயப்பரைப் போட்டுக்கொண்டோம். வெளிப்புறம் முழுக்க வழுவழு பிளாஸ்டிக். நடந்தால் கடலைப் பொட்டலம் பிரிக்கிற சத்தம் வரும். கொஞ்ச நாளில் இடுப்பிலும் தொடையிலும் தோல் சிவக்க ஆரம்பித்தது. கட்டுப் பிரிக்கப் போனபோது நர்ஸ் பார்த்துவிட்டு, "வெளியில துணி மாதிரி இருக்கும், காத்துப் போற டயப்பர்னு கேட்டு வாங்குங்க" என்றார். வாங்கினோம். சத்தமும் இல்லை, புழுக்கமும் இல்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

வளர்மதிக்குப் பிடிக்கவில்லை. மாற்றும் முன்னால் வெளிப்புறத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். "ன்னாங்க, மேல ஜில்லுன்னு ஈரமா கீது. இது ஒழுவுது போலக்கீதே."

"நர்ஸம்மா சொன்னதுதான இது?"

"அவங்க சொன்னாங்க. தொடச்சி விடறது நாந்தான?" என்றாள்.

வளர்மதி தையற்காரி. எங்கள் தெருவில் பாதிப் பேர் அவள் தைத்த ரவிக்கையைத்தான் போட்டிருப்பார்கள். அன்று சாயங்காலம் மெஷின் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. மலையில் மழை பிடித்துக்கொண்டால் ஷெட்டிலிருந்து பைக்கில் வருவதற்கென்று ஒரு மழைக்கோட்டு வைத்திருந்தேன். அதை வெட்டி, டயப்பருக்கு மேலே போட ஒரு ஜட்டி தைத்திருந்தாள். இடுப்பிலும் தொடையிலும் எலாஸ்டிக், ஓரத்தில் நீலக் கரை. அளவெடுக்காமலே தைத்தது, அப்படியே பொருந்திற்று.

"இனிமே ஒரு சொட்டு வெளிய வராது. நீங்க தைரியமா மணலூர்பேட்டைக்குப் போலாம்" என்றாள்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து காட்டினேன். ஈரம் எங்கேயும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வேறு எந்தக் கம்பெனியும் எனக்கென்று நீலக் கரை வைத்துத் தரப்போவதில்லை.

மரத்த தோலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது புகார் சொல்லாது. சில நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது வளர்மதி கை வைத்தாள், தோல் அவள் கையோடு வந்தது. அன்றைக்கே காய்ச்சலும் வந்துவிட்டது. மறுபடியும் கள்ளக்குறிச்சிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, கழற்றி வைத்திருந்த மழைக்கோட்டு ஜட்டியைக் கையில் எடுத்தார். "இது யார் தெச்சது?"

"நாந்தாங்க" என்றாள் வளர்மதி, தரையைப் பார்த்தபடி.

"தையல் அருமையா இருக்கும்மா. ஆனா இவரை பாலித்தீன் பையில தக்காளி கட்டி வைக்கிற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க."

வந்திருந்தது ஈரத் தோல் அழற்சி (சிறுநீரும் சூடும் சேர்ந்து தோலை ஊறவைத்து உரித்துவிடுவது). அதன் மேல் பூஞ்சைத் தொற்றும் (இடுக்குகளில் சிவப்புப் பொட்டுப் பொட்டாகப் படர்வது) சேர்ந்திருந்தது. இது ஆறாவிட்டால் படுக்கைப்புண்ணாகிவிடும், அதுவரைக்கும் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். படுத்துக்கொண்டே மடியை எப்படிக் கொடுப்பது?

பிறகு காற்றுப் போகும் டயப்பரின் அந்தத் துணி மாதிரி வெளித்தாளைப் பற்றிச் சொன்னார். பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புத்தூள் போன்ற மாவைக் கலந்து, மெல்லிய தாளாக்கி, இழுப்பார்களாம். இழுக்கும்போது ஒவ்வொரு தூளையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுமாம். "தண்ணி அதுல நுழையாது. ஆவி நுழைஞ்சு வெளிய போயிடும். நீங்க தொட்டுப் பாத்த ஈரம் ஒழுகினது இல்லம்மா. உள்ள இருந்த புழுக்கம்தான் ஆவியா வெளிய வந்து, ஆறி, அங்க ஈரமா நின்னிருக்கு."

வளர்மதி தலையை ஆட்டினாள். நம்பியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் புது டயப்பர் ஒன்றை எடுத்து, வெளித்தாளை மட்டும் கத்தரித்தாள். ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி, அதன் வாயில் அந்தத் தாளை விறைப்பாக இழுத்து ரப்பர் பேண்டு போட்டாள். மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தாள். கொஞ்சம் பொறுத்துத் தட்டை எடுத்துப் பார்த்தால், அடியில் பூத்தாற்போல ஆவி படிந்திருந்தது. தண்ணீர் ஆறின பிறகு டம்ளரைத் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வேர்க்குதுன்னு ரெக்சின் சீட்டப் பிச்சிப் போட்டுட்டு வயர் பின்னிக்கினவரு நீங்க. ஒங்களுக்காவது தோணியிருக்க வாணாமா?"

அதானே. அவள் கேட்டதில் என்ன தப்பு? ஓட்டுகிற வண்டியின் சீட்டுக்குக் காற்று வேண்டும் என்று தெரிந்தவனுக்குச் சொந்தத் தோலைப் பற்றி அந்த யோசனை வரவில்லை. சிரித்துவிட்டேன். அவள் அழுதாள். என் கையாலயே செஞ்சிட்டேனே என்று அழுதாள்.

"ஊரெல்லாம் ஒன் ரவிக்கையப் போட்டுக்கினுதான் சுத்துது. ஒண்ணே ஒண்ணு தப்பாப் போச்சி, அதுக்குப் போயி அழுவறியே வளரு" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த ஜட்டியின் தையலைப் பிரித்து, துணியை மெஷினுக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது.

அதன் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் மிகச் சாதாரணம். நனைந்த டயப்பரை, இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று விட்டுவைக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தோம். உடனே அடுத்ததைப் போடாமல், ஒரு பழைய வேட்டியை மேலே போர்த்திக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் குப்புறப் படுத்திருப்பேன். டாக்டர் கொடுத்த களிம்பை மெல்லிசாகப் பூசினோம். பவுடரைக் கொட்டி அப்பவில்லை. வளர்மதி தினமும் உற்றுப் பார்த்துச் சொல்வாள், நானும் கண்ணாடி பிடித்துப் பார்த்துக்கொள்வேன். உங்களுக்கு உணர்ச்சி இல்லாத இடத்தை, உங்கள்மேல் பிரியம் உள்ள ஒருவர் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் வெட்கம் பார்த்தால் தோல் போய்விடும்.

முட்டினாலும் முட்டாவிட்டாலும், நேரம் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். கடிகாரம் எனக்குச் சரிப்படவில்லை. எங்கள் வீடு ரோட்டோரம். என் வண்டியை இப்போது ஓட்டுகிறவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்காக ஒரு ஆரன் அடிப்பார். மலை ஏறப் போகும் ஆரனுக்கு ஒரு தடவை எழுந்திருப்பேன், இறங்கி வரும் ஆரனுக்கு ஒரு தடவை எழுந்திருப்பேன். வண்டி லேட்டானால் எனக்கும் லேட். முன்பெல்லாம் நான் போட்ட ஆரனுக்கு ஊர் எழுந்து ஓடிவரும். இப்போது நான் ஓடுகிறேன். மூத்திரப்பை கொஞ்சம் கொஞ்சமாக அந்த டைமுக்குப் பழகிக்கொண்டு வந்தது.

தை பிறப்பதற்குள் தோல் ஆறிவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு உட்காரலாம் என்றார். மெத்தை போட்டு, கொஞ்ச நேரம்தான் என்று கண்டிஷன்.

காது குத்து, பெண்ணையாற்றங்கரையில் மச்சானின் குலதெய்வக் கோயிலில். கிளம்பும்போது வளர்மதி எனக்குப் புது டயப்பர் போட்டுவிட்டாள். சுமதி அனுப்பியிருந்த போட்டோவில் குழந்தையும் டயப்பரோடு நின்றுகொண்டிருந்தான். "மாமனும் மருமவனும் ஒரே கம்பெனிதான்" என்று சொல்லி, மேலே பட்டுவேட்டியைக் கட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆற்று மணலில் நாற்காலி போட்டு, மெத்தை வைத்து, என்னை உட்கார்த்தினார்கள். சுற்றிலும் சொந்தபந்தம். சுமதி குழந்தையின் டயப்பரைக் கழற்றிவிட்டு, அரைஞாண்கயிறு மட்டும் இருக்க என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். கத்தி தலையில் பட்டதும் அவன் வீறிட்டான். மொட்டை முடிந்தது. ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டு மறு காதுக்கு வந்தார். அப்போது என் வேட்டி நனைந்தது. நன்றாகவே நனைந்து, நாற்காலிக் காலில் வழிந்து மணலில் இறங்கியது.

எல்லோரும் என் வேட்டியையே பார்த்தார்கள். எதிரில் நின்ற வளர்மதியைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. தோளில் கிடந்த டவலை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

எனக்கு என்னவோ போல இருந்தது. இடது தொடையின் உட்பக்கம் ஏதோ ஒன்று. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெகுநாளாக அங்கிருந்து எந்தச் சேதியும் வந்ததில்லை அல்லவா.

"வளரு, சுடுது" என்றேன்.

"இன்னா சுடுது?"

"தொட சுடுது. நான் இல்ல. இவன்."

அவள் குனிந்து பார்த்தாள். மருமகன் அழுதுகொண்டே இன்னும் பெய்துகொண்டிருந்தான். டவலால் வாயைப் பொத்திக்கொண்டு என் காலடியில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் புரியவில்லை. மாமன் மடியை நனைச்சிட்டான், ராசிக்காரப் பய என்று சுற்றியிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். வேட்டியை மாத்துங்க மாமா என்று யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். நான் மாட்டேன் என்றேன். அந்தச் சூடு ஆறும்வரை அவனை அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா பிறகு ஊசியால் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி வந்திருக்கிறது. மற்ற இடம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. டயப்பரும் உண்டு. நரம்பு அதன் போக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் வண்டியை விரட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் ஆரன் கேட்கிறது. மலையிலிருந்து இறங்குகிற வண்டி. "ம், எழுந்திருங்க" என்கிறாள் வளர்மதி, மெஷினை நிறுத்தாமல். எழுந்திருக்கிறேன்.