காகிதத்தில் வெட்டிய நற்குணங்கள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், பாதிரியாரின் மனைவிக்கு வாயாக மூன்று வருடம் இருந்தேன். அவள் தன் பாஷையில் சொல்வதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. எங்கள் நைனா கோட்டை வாசலில் காவல் நின்றவர். அம்மா உள்ளே சமையல்கட்டில் இருந்தாள். ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். சட்டி பானைகளுக்கு நடுவில் வளர்ந்ததால் அவர்கள் பாஷை எனக்குத் தானாக வந்துவிட்டது. மற்றபடி எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. இருபத்திரண்டு வயது, நிறைய வாய்க்கொழுப்பு, அவ்வளவுதான்.

துரைசாணி கப்பலில் வந்து இறங்கியபோது ஒரு தட்டைப் பெட்டியைத் தானே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மற்ற சாமான்களையெல்லாம் ஆட்கள் தூக்கினார்கள். அந்தப் பெட்டியில் இருந்தவை நாலு கத்தரிக்கோல்களும் ஒரு கட்டுக் காகிதமும். அவள் ஊரில் பெண்கள் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி ஆடு, மாடு, மரம், தேவாலயம் எல்லாம் செய்வார்களாம். அந்த வித்தையால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ நற்குணங்களைக் கற்றுத்தரப் போவதாக முதல் நாளே அறிவித்தாள். எங்கள் பிள்ளைகளிடம் நற்குணம் எதுவும் இல்லை என்று கரையில் கால் வைத்த உடனேயே எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வேலைக்கு என்னை வைக்கவில்லை.

பள்ளிக்கூடம் கோட்டைக்கு வெளியே, ஏரியைப் பார்த்த ஓர் அறை. வாரத்துக்கு ஒரு குணம். பொறுமைக்கு ஆட்டுக்குட்டி. சாந்தத்துக்குப் புறா. கீழ்ப்படிதலுக்குக் கூப்பிய கைகள். தாழ்மைக்கு எங்கள் ஊரில் யாருமே பார்த்திராத ஏதோ ஒரு சின்னப் பூ. நன்றாக வெட்டிய பிள்ளையின் காகிதத்தைச் சுவரில் வரைந்திருந்த பெரிய மரத்தில் ஒட்டுவாள். அதற்கு நற்குண மரம் என்று பெயர். பொய் சொன்னால், திமிறினால், பிந்தி வந்தால், ஒட்டியதைக் கிழித்து எடுத்துவிடுவாள். ஆக நற்குணம் என்பது மதியத்துக்குள் கிடைத்து சாயங்காலத்துக்குள் போய்விடக்கூடிய பொருள்.

பொறுமையைப் பற்றிய பாடத்தன்று, ஆட்டுக்குட்டியின் காலை வெட்டித் தள்ளிவிட்ட பையனின் விரல் முட்டியில் கத்தரிக்கோலின் பிடியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "கர்த்தர் நம்மிடம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறார் என்று சொல்" என்றாள். சொன்னேன். பையன் விரலைச் சூப்பிக்கொண்டே தலையாட்டினான்.

காற்று வந்தால் காகிதம் பறக்கும் என்று ஜன்னல்களைச் சாத்தி வைப்பாள். உள்ளே பிள்ளைகளின் கைகள் வியர்த்துக் காகிதம் ஊறிப்போகும். அதற்கும் அடி விழும். ஒட்டுவதற்குப் பசை வேண்டுமே. அரிசியைக் குழையக் காய்ச்சிச் செய்த பசை. அந்த வருடம் மழை பொய்த்து, ஏரியில் தண்ணீர் உப்பேறி, மீனும் இறாலும் குறைந்திருந்தன. குப்பத்துப் பிள்ளைகள் எங்களிடம் வந்ததே பாடம் முடிந்ததும் ஊற்றுகிற கஞ்சிக்காகத்தான். இது துரைசாணியைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இச்சையடக்கம் என்ற குணத்துக்குப் பூட்டு வெட்ட வேண்டும். அன்றைக்குப் பாதி வகுப்பு முடிவதற்குள் பசைக் கிண்ணம் காலி. ஒரு பூட்டுகூட ஒட்டப்படவில்லை. பிள்ளைகளின் வாயோரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. துரைசாணிக்குக் கோபத்தில் கழுத்துவரை சிவந்துவிட்டது. "பசையைத் தின்கிறார்கள்! இதுகள் மனுஷப் பிறவிகளா?" என்றாள். அதை நான் தமிழில் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பசையில் வேப்பெண்ணெய் கலந்தாள். கஞ்சியை ஒரு அகப்பை கூட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு சிறுமி இருந்தாள். ஒன்பது வயது இருக்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்திட்டில் அவர்கள் குப்பம். அவள் நைனா ஒரு புயலில் போய்விட்டார். தாய் கருவாடு போட்டு விற்றுப் பிழைத்தாள். அண்ணனும் மாமனும் ஒரு படகு வைத்திருந்தார்கள். ஐந்து வயதிலிருந்து வலைக்கண் முடிந்து பழகிய விரல்கள் அவளுக்கு. காகிதத்தை எட்டாக மடித்து, கோடு எதுவும் போடாமல், கத்தரிக்கோலை அசைக்காமல் காகிதத்தை மட்டும் திருப்பித் திருப்பி வெட்டுவாள். விரித்தால் கண் கண்ணாக ஒரு வலை, அதற்குள்ளே புறா, புறாவின் இறகில் தனித்தனி மயிர். துரைசாணி அதைக் கையில் வாங்கி, ஒவ்வொரு கண்ணாக விரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய புறாக்கள் கோழி மாதிரி இருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தச் சிறுமி வெட்டியது எதுவும் மரத்தில் ஏறவில்லை. எல்லாம் தட்டைப் பெட்டிக்குள் போயின. ஒருநாள் கோட்டைத் தலைவரும் அவர் மனைவியும் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார்கள். துரைசாணி பெட்டியைத் திறந்து காட்டினாள். தலைவரின் மனைவி வாயைப் பிளந்தாள். "உங்கள் கைக்குத் தங்கம் பூச வேண்டும்" என்றாள். துரைசாணி கண்களைத் தாழ்த்திக்கொண்டு, "கர்த்தர் கொடுத்த வரம்" என்றாள். அன்றைய குணம் உண்மை. பிள்ளைகள் விளக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிறுமிக்குப் பாஷை தெரியாது, கண் தெரியுமே. "இன்னாக்கா, அது நான் வெட்டினதுதானே?" என்று உரக்கக் கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை என்ன சொல்கிறாள் என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"அம்மாவின் வேலை அழகாக இருக்கிறது என்கிறாள்" என்றேன்.

துரைசாணி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் வருகிற அருவருப்பைவிட என்மேல் வருவது அதிகம்.

மூன்றாம் வருடம் பாதிரியாரைக் கடல் தாண்டி, ஜாவாத் தீவில் ஒல்லாந்தரின் தலைநகரான பத்தாவியாவுக்கு மாற்றினார்கள். பெட்டிகள் கட்டுகிற நாளில் துரைசாணி என்னைக் கூப்பிட்டு, சிறுமியைத் தன்னோடு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னாள். ஞானஸ்நானம் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொள்வாளாம். "கீழ்ப்படிதல் கற்ற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா?" என்றாள். கப்பலேறிப் போன பிள்ளைகளில் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. அங்கே வீட்டோடு இருப்பது என்றால் அடிமையாக இருப்பதுதான் என்று கோட்டைச் சமையல்கட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். பத்தாவியாவில் அவளுக்கு மறுபடியும் புறாக்கள் வேண்டும். வெட்ட விரல்கள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தாயின் சம்மதத்தைக் கேட்க அவளே குப்பத்துக்கு வந்தாள். படகில் நானும் அவளுடைய ஆயாவும் கூட. சேற்றில் கால் படக்கூடாது என்று நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிப் போய் மணலில் வைத்தார்கள். கருவாடு காய்கிற இடத்தில் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, சிறுமியின் தலையைத் தடவியபடி, தான் செய்யப் போகும் தர்மத்தை விளக்கினாள். தாய் மறுத்தால் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும், இவர்கள் படகு முகத்துவாரத்தைத் தாண்டுவது கஷ்டமாகிவிடும் என்பதையும் புன்சிரிப்போடு சேர்த்துக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு வார்த்தையும் விடவில்லை.

தாய் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். "எம்பொண்ணு இன்னா கருவாடா, உப்பு போட்டுக் கப்பல்ல ஏத்த? தரமாட்டேன்னு சொல்லு. படகை நிறுத்தறதா இருந்தா நிறுத்திக்கச் சொல்லு. போ, இப்படியே சொல்லு."

அப்படியே சொல்லியிருக்கலாம். என் வாயில் வேறு வந்தது. "அம்மா, உங்கள் பெருந்தன்மைக்கு இவள் நன்றி சொல்கிறாள். ஆனால் மறைக்க மனமில்லை என்கிறாள். பிள்ளையின் முதுகில் வெள்ளையாகத் தேமல் விழுந்திருக்கிறதாம். தொட்டால் உணர்ச்சி இல்லையாம். வைத்தியன் பெரிய வியாதி என்கிறானாம்."

துரைசாணியின் கை சிறுமியின் தலையிலிருந்து சுட்டதுபோல் விலகியது. மூக்கைப் பொத்திய துணியாலேயே அந்தக் கையை விரல் விரலாகத் துடைத்தாள். துணியை மணலில் எறிந்தாள். "இத்தனை நாள் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாளா, நன்றிகெட்டவள்!" என்றாள். நாற்காலி உடனே கிளம்பியது. சிறுமி தொட்ட கத்தரிக்கோலை அன்றைக்கே ஏரியில் போடச் சொன்னாள். சிறுமி வெட்டிய காகிதங்கள் மட்டும் பெட்டியோடு பத்தாவியாவுக்குக் கப்பலேறின. வியாதி அவற்றில் ஒட்டவில்லை போலும்.

வெகு நாளைக்கு நான் என்னை மெச்சிக்கொண்டு திரிந்தேன். ஒரு பொய்யால் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று. அந்த ஆயாவுக்கு ஒல்லாந்து பாஷை தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. தாய் பேசியதை விட்டுவிட்டு, நான் சொன்ன வியாதியை மட்டும் அவள் கடைத்தெருவில் சொன்னாள். கடைத்தெரு மீன்காரிகளிடம் சொன்னது. சிறுமியை மாமன் மகனுக்கு என்று பேசி வைத்திருந்த சம்பந்தத்திலிருந்து மாமன் வீட்டார் விலகினார்கள். தாயிடம் யாரும் கருவாடு வாங்கவில்லை.

ஒருநாள் காலையில் அந்தத் தாய் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "நாட்டார் கூப்பிடறாங்க. வா" என்றாள். போனேன். கரையில் குப்பத்துப் பஞ்சாயத்தாரான நாட்டாரும் ஊர் ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். நான் சொன்னது பொய், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, துரைசாணியிடமிருந்து தப்பிக்கவே சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இரண்டு பெண்கள் சிறுமியை மறைவாக அழைத்துப் போய் முதுகைப் பார்த்துவிட்டு வந்து, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். நாட்டாரில் பெரியவர் என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லக் கூடாதுனு எங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீதானே?"

"ஆமாங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

நான் தாயிடம் திரும்பி, "அக்கா, உங்க படகை நிறுத்திடுவாங்கன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்தியிருக்கட்டுமே" என்றாள். "ஏரியில வலை போட்டுக் கஞ்சி குடிச்சிருப்போம். இல்லைன்னா பட்டினி கெடந்திருப்போம். நாங்க பட்டினி பார்க்காதவங்களா? எனக்கு வாய் இல்லைனு நீயா முடிவு பண்ணே. அவ எம்பொண்ணைக் கேட்டா, முடியாதுன்னேன். நீ கேக்கவே இல்லையே."

இத்தனை காலம் துரைசாணியை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அவ்வளவு கேவலமாக அந்தத் தாய் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அதற்கு உரிமை இருந்தது. திரும்பும்போது என்னைப் படகில் ஏற்றிக்கொள்ள யாரும் அவசரப்படவில்லை. வெயில் ஏறும்வரை கரையில் நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் நற்குண மரத்தை அரிசிப்பசைக்காகக் கரப்பான்கள் தின்று தீர்த்திருந்தன. கசந்த பசையால் ஒட்டியவை மட்டும் மிஞ்சியிருந்தன. புதிதாக வந்த பாதிரியார் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பத்தாவியாவிலிருந்து துரைசாணி அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். தன்னுடைய காகிதப் புறாக்கள் ஒரு பெரிய மனிதரின் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவதாகவும், பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்குத் தான் கற்றுத்தந்த குணங்கள் நிலைத்திருக்கின்றனவா என்று அறிய ஆவலாக இருப்பதாகவும். அந்தப் புறாக்களை வெட்டியது யார் என்று புதிய பாதிரியாரிடம் சொன்னேன். பழைய பாதிரியாரின் மனைவியைப் பற்றி அப்படிப் பேசலாமா என்று என்னைக் கண்டித்து, மறுமாதம் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அந்தச் சம்பந்தம் திரும்பி வரவில்லை. சில வருடங்கள் கழித்து அந்தச் சிறுமியை வேறு குப்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். ஒருமுறை ஏரிக்கரையில், இடுப்பில் கைப்பிள்ளையோடு அவளைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்தது.

"இப்பவும் காகிதம் வெட்டுவியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"எதுக்கு?" என்றாள்.

அதற்குள் அவள் புருஷனின் படகு கரை தட்டியது. கைப்பிள்ளையைப் பக்கத்திலிருந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனாள்.