எங்கட ஊரின் முதலாம் பாட்டு

நேற்று ரயிலில் அந்தத் தகரப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் பிஸ்கற் வந்த பெட்டி. உள்ளே சட்டைத் தெறிகள், பொத்தான்கள். எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் இருபது வருடத்துக்கு மேல் உடுப்புத் தைத்த என் அக்கா, கழற்றியதும் மிஞ்சியதுமாகச் சேர்த்து வைத்தவை. ரயில் குலுங்க அவை கலகலவென்று சத்தம் போட்டன. முன்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நெஞ்சு இடித்தது. எதற்கும் இடிக்கிற நெஞ்சுதான், ஆனால் நேற்று அதற்குக் காரணம் இருந்தது.

அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து ஐந்து கிழமை, ஒரு மாதம் கடந்துவிட்டது. சார்செல் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வலது கை விழுந்துவிட்டது. ஒரு சொல்லும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பிரெஞ்சுப் பெண், பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும், அவ மிகவும் விரும்பிய பாட்டைக் கொண்டு வாருங்கள் என்றாள். வரும் புதன்கிழமைக்குள் ஒரு சத்தமாவது வராவிட்டால் பயிற்சியை நிறுத்தி, தூரத்தில் உள்ள முதியோர் விடுதிக்கு மாற்றிவிடுவார்களாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அவள் சொன்னதில் பாதிதான் விளங்கியது. விளங்காத பாதியும் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

லாச்சப்பலில் போன் கடை வைத்திருப்பவரிடம் போய் அறுபதுகளின் பாட்டுகள் கேட்டேன். அவர் ஒரு பழைய போனை எடுத்து நீட்டினார்.

"அக்கா, இதுக்குள்ளை இருநூறு பாட்டு இருக்கு. எல்லாம் அந்தக் காலத்திலை முதலாம் இடம் வந்தது."

"முதலாம் இடம் வராத பாட்டு இல்லையோ தம்பி?"

"வராததை ஆர் கேப்பினம்?" என்று சிரித்தார்.

இருநூறையும் அக்காவின் காதுக்குள் போட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய பாட்டு அந்த இருநூறில் இருக்காது.

அந்த அறுபதுகளில் எனக்குப் பதினொரு வயது. அக்கா எங்கள் ஊர்த் தையல் வகுப்பில் படித்தாள். பதினெட்டுப் பெண்கள், ஆறு மெசின், ஒரு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பு ரேடியோவில் நாடு முழுக்க விரும்பிக் கேட்கும் பத்துப் பாட்டை வரிசையாகப் போடுவார்கள். அக்கா அதை ஒரு கொப்பியின் இடது பக்கத்தில் எழுதுவாள். வலது பக்கம் எங்கள் ஊருக்கு. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பாட்டின் பெயரை எழுதி ஒட்டிய சிரட்டைகள் யன்னலோரம் வரிசையாக இருக்கும். சனிக்கிழமை வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த பாட்டின் சிரட்டைக்குள் ஒரு தெறி போடவேண்டும். ஆளுக்கு ஒன்றுதான். திங்கள் காலை அக்கா எண்ணிப் பட்டியலை வாசிப்பாள். எங்கள் சிரட்டையில் மாதக்கணக்காக முதலாவதாக வந்த பாட்டு ஒன்று, கொழும்பில் பத்தாவதாகக்கூட வந்ததில்லை. அது ரேடியோவில் போனால் ஆறு மெசினும் நின்றுவிடும்.

"நாடு ஒண்டைக் கேக்கட்டும். எங்கட ஊருக்கும் ரெண்டு காது இருக்கு" என்பாள் அக்கா.

பட்டணத்திலிருந்து வந்த தையல் ரீச்சருக்கு அது பகிடி. "கொழும்பே ஒண்டு சொல்லுது, நீங்கள் ஒண்டு சொல்லுறியள். உங்கட ரெண்டு காதும் மந்தமோ பிள்ளையள்?" என்று ஒருநாள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை. நாங்கள் பிழையாகக் கேட்கிறோமோ, அக்காவை ஊர் பழிக்குமோ என்று பயம். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் அறையைப் பூட்டிப் போனபின் நான் திரும்பிப் போய்த் திறந்து, கொழும்பில் முதலாவதாக நின்ற பாட்டின் சிரட்டைக்குள் ஐந்து தெறி போட்டேன்.

திங்கள் காலை இரண்டு பக்கமும் ஒரே பாட்டு முதலாவதாக வந்தது. ரீச்சர் கை தட்டினார். அக்கா பட்டியலை வாசித்து முடித்துக் கொப்பியை மூடினாள். அதற்குப் பிறகு சிரட்டை வைக்கவேயில்லை. ஏனென்று நான் கேட்கவுமில்லை. எங்கள் ஊரின் அந்த முதலாம் பாட்டு எங்கேயாவது கேட்டால் எழும்பி வெளியே போய்விடுவேன். அப்படிப் போய்ப் போய் இன்று ஒரு வரிகூட ஞாபகமில்லை. கொப்பி சண்டைக்கால இடம்பெயர்வில் போயிற்று. அந்தப் பாட்டைத் தெரிந்தவள் என்று எனக்கு மிச்சமிருப்பது அக்கா ஒருத்திதான். அவளுக்குப் பேச்சில்லை.

நேற்று அவள் கட்டிலில் தெறிகளை ஒரு பிடி அள்ளி வைத்தேன். "அக்கா, அந்தக் கடைசிக் கிழமை அஞ்சு தெறி கூடப் போட்டது நான்தான்" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கையைப் பார்த்தேன். இடது கை மெல்ல அசைந்தது. ஒன்று, இரண்டு என்று ஐந்து தெறியைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். மிச்சத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

பதினெட்டுப் பேர் இருந்த வகுப்பில் இருபத்துமூன்று தெறி விழுந்தால் எண்ணினவளுக்குத் தெரியாதா? இந்தச் சின்னக் கணக்கு இத்தனை வருடமாக எனக்கு ஓடவில்லை. பூட்டின அறைக்குள் திரும்பிப் போகக்கூடியவள் நான் ஒருத்திதான். அதன் கதவுத் திறப்பு, சாவி, எங்கள் வீட்டில்தான் தொங்கியது. கொழும்பு வென்றதற்காக அவள் கொப்பியை மூடவில்லை; போட்டது நான் என்று அன்றே தெரிந்துதான் மூடினாள்.

"எந்தப் பாட்டக்கா அது? ஒரு சொல்லுச் சொல்லு, நான் தேடிப் பிடிக்கிறன்."

அவள் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுத்தான் வந்தது.

பெட்டியை அவள் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் ரயிலில் மடி வெறுமையாக இருந்தது. ஐந்து தெறியும் கோட்டுப் பைக்குள் கிடந்தன. சத்தம் போடாமலிருக்க அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தேன். இன்று திங்கள், அக்கா எண்ணிப் பட்டியல் வாசிக்கிற நாள். புதனுக்கு இன்னும் இரண்டு நாள்.