கணக்குப் பிரிவுக்கு மேலே சிரிப்பு வாயு

பெரியநாயக்கன்பாளையம் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. மருத்துவர்கள் கை கழுவுகிறார்களா, படுக்கை விரிப்பை மாற்றுகிறார்களா என்று கவனிப்பது என் வேலை. அதனால் யாருக்கும் என்னைக் கண்டால் பெரிய சந்தோஷம் இருக்காது.

எங்கள் சேர்மன் எலும்பு மருத்துவர், கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஒருமுறை சுற்றுச்சூழல் மாநாட்டுக்காக விமானத்தில் டெல்லி போய் வந்தவர், அடுத்த நாளே என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, வைத்தியம் பார்க்கற நாமளே பூமியச் சூடாக்கறமாமா. நம்ம ஆஸ்பத்திரி எவ்வளவு கார்பன் விடுதுன்னு கண்டுபுடிச்சுப்போடுங்க."

மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், ஆம்புலன்ஸ் எல்லாம் எளிதாகக் கணக்குக்குள் வந்துவிட்டன. சிக்கல் சிலிண்டரில்தான் வந்தது. பின்வாசலில் லாரியிலிருந்து நீல சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு. அறுவை சிகிச்சையில் மயக்கத்துக்குத் துணையாகக் கொடுப்பது. வெளியே போனால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அடிக்கடி வந்து இறங்கும் அளவுக்கு யார் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று மூத்த மயக்கவியல் மருத்துவரிடம் போய்க் கேட்டேன்.

"நானா? அத விட்டு வருசக்கணக்காச்சுங்களே. இப்ப இருக்கற சின்னப் பசங்களும் தொடறதில்லைங்க."

"அப்ப சிலிண்டர் எப்படிங்க டாக்டர் தீருது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "குழாயில எங்கியாவது கசியுதோ என்னமோங்க" என்றார்.

கட்டடப் பராமரிப்பு ஆட்களோடு வாயுக் குழாய் போகும் வழியெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். இணைப்புக்கு இணைப்பு குமிழி வந்தது. அதிகம் கசிந்த இடம் முதல் மாடியின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, கணக்குப் பிரிவுக்கு நேர் உச்சியில். அங்கே யாரும் சிரித்து நான் பார்த்ததேயில்லை. கசிவு ஆளைப் பாதிக்கும் அளவுக்கு இல்லை என்று மயக்கவியல் மருத்துவர் அளந்து பார்த்துச் சொன்னார். நோயாளிகள் யாருக்கும் போகாத மருந்தை நாங்கள் ஆகாயத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

குழாயை மொத்தமாக மூடிவிடலாம் என்றேன். மருத்துவர் தயங்கினார்.

"இருக்கட்டும்ங்க. ஏதாவது அவசரம்னா?"

"மயக்க மெஷினோடவே ஒரு சின்ன சிலிண்டர் மாட்டி வெச்சுக்கலாமுங்க. வேணும்கறப்ப திறந்தாப் போதும்."

யோசித்துவிட்டு, "செய்யுங்க. நானே கூட வாரேன்" என்றார்.

சேர்மனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உடனே விழா வைத்து, சிறப்பு விருந்தினர் கையால் வால்வை மூட வேண்டும் என்றார். அழைப்பிதழை எழுதச் சொல்லி என்னிடமே விட்டார். திறப்பு விழாவுக்கு ஆயிரம் மாதிரி கிடைக்கும். இதற்கு என்ன தலைப்பு போடுவது? "வாயுக் குழாய் மூடுவிழா" என்று எழுதிக் கொண்டுபோனேன். அவர் அதைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ஆஸ்பத்திரி வாசல்ல மூடுவிழான்னு பிளக்ஸ் வெச்சா, எதிர்த்தாப்ல இருக்கற ஆஸ்பத்திரிக்காரன் மாலையோட வந்து நிப்பானுங்க அம்மணி. மரக்கன்று நடு விழான்னு மாத்திப்போடுங்க."

மாற்றினேன். விழா அன்று மின்சாரம் போய்விட்டதால் ஒலிபெருக்கிக்காக ஜெனரேட்டர் ஓடியது. பூமியைக் காப்பது பற்றிச் சிறப்பு விருந்தினர் பேசும்போது, புகை பந்தலுக்குள் வந்து அவர் இருமினார். எல்லோருக்கும் சால்வையும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் கொடுத்தார்கள். நானும் மருத்துவரும் நடுவிலேயே எழுந்து வாயு அறைக்குப் போனோம். பராமரிப்பு ஆள் வால்வைத் திருகி மூடினார். அழுத்தம் குறைந்ததும் அலாரம் கத்தியது. வெளியே மைக் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பராமரிப்பு ஆளே அதை அணைத்தார். எனக்கு ஏனோ நிறைவாக இருந்தது.

நீல சிலிண்டர் கேட்டு யாரும் அழைக்காததால், கொஞ்ச நாளில் சிலிண்டர் ஏஜென்சிக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், எங்க சர்வீஸ்ல ஏதாச்சும் குறைங்களா? வேற எடத்துல வாங்கறீங்களா?"

"இல்லீங்க. வாங்கறதையே நிறுத்திட்டோம்."

"அப்ப ஆபரேசன் நடக்கறதில்லீங்களா?" குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அந்த வருத்தம் ஊருக்குள் பரவியது. சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன சேர்மனிடம், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், தொழில் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும் என்று ஆறுதல் சொன்னாராம். திரும்பி வந்தவர் என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்து எதை மூடலாம் என்று கேட்டார்.

அதற்கான பதில் அந்த வாரமே என்னைத் தேடி வந்தது. மயக்கவியல் மருத்துவர் என் அறைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்: "நாங்க முகமூடி வழியா ஆவியாக் குடுக்கற மருந்துல ஒண்ணு இருக்குதுங்க. பூமியச் சூடாக்கறதுல அது சிரிப்பு வாயுவைவிட மோசம். நாளையிலிருந்து வேற மருந்துக்கு மாறலாம்னு பசங்ககிட்ட பேசிட்டேன். இதுக்கு விழா வேண்டாமுங்க."