ஒரே உயரத்துப் பலகைகள்

பேருந்துப் பணிமனையில் பன்னிரண்டு வருஷம் உழைத்தவர் அந்த மெக்கானிக். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணை இரண்டு பேர் மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கி வண்டிக்குள் வைத்ததை ஒருநாள் பார்த்தார். அவள் தலை நிமிரவே இல்லை. அந்த வாரமே வேலையை விட்டார். பேருந்துப் படியில் நாற்காலி ஏற வசதியாக இரும்புச் சாய்வுப் பலகை செய்யும் பட்டறை தொடங்கினார். நர்ஸாக இருந்த அக்காவும் வேலையை உதறிவிட்டுக் கூட்டுச் சேர்ந்தாள்.

ஒரு பேருந்து நிறுவனம் அறுபது பலகை கேட்டது. மேல்முனையைத் தாங்கும் கால்களை, அவர்கள் வண்டிப் படியின் உயரமான பதினைந்து அங்குலத்தில் பற்றவைத்தார்.

"காலு ரெண்டையும் ஏத்தி இறக்குற மாதிரி வையேன்டா. நாளைக்கு வேற யாராவது கேட்டா?" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா. ஒரே அளவுன்னாத்தான் வேலை மளமளன்னு ஓடும்."

நாற்பது முடிந்த அன்று நிறுவனத்தின் ஆள் வந்தார். புதிதாக வாங்கும் வண்டிகளுக்குப் படியே கிடையாதாம். பலகை வேண்டாமாம்.

செய்த நாற்பதும் மெக்கானிக்கின் தலையில் விழுந்தன. பலகை ஒன்றைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக அலைந்தார். கிளினிக் படி ஆறு அங்குலம், நூலகத்தில் பத்து. எங்கேயும் பலகை உட்காரவில்லை. நான்காம் நாள், நாற்காலியே கதியென்று இருந்த ஒரு பழைய தபால்காரரின் வீடு. வாசற்படி பதினெட்டு அங்குலம். மெக்கானிக் பலகையின் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்தார்.

"நிக்குமா தம்பி?"

"தாராளமா நிக்கும் ஐயா. வாங்க."

நிற்காது என்று மெக்கானிக்கின் மனசுக்குத் தெரியும். செங்கல் நழுவியது. தபால்காரர் நாற்காலியோடு சரிந்து விழுந்தார். முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. கூட வந்திருந்த அக்கா ஓடிவந்து கட்டுப்போட்டாள். மெக்கானிக் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தினார்.

"உன் பலகைக்காக நான் வீட்டை இடிச்சா கட்டுவேன்?" என்று மட்டும் கேட்டார் தபால்காரர்.

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் வெட்டும் இயந்திரத்தைப் போட்டார். "எல்லாக் காலையும் அறுத்துட்டுப் புதுசாப் பதினெட்டு அங்குலத்துல வச்சிடுறேன்."

அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். "மறுபடியும் ஒரே அளவா? அடுத்த வீட்டுப் படி எத்தனைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா. எனக்கு எதுவுமே தெரியல." இரும்புக் குவியல்மேல் உட்கார்ந்து தேம்பினார்.

"தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே செய்யி. ஒண்ணே ஒண்ணு. மீதியத் தொடாத."

காலை ஏற்றி இறக்கக் குழாய்க்குள் குழாய், வரிசையாகத் துளைகள், மாட்டிக் கழற்ற ஒரு போல்ட். அந்த ஒன்றை வாசலில் வைத்தபோது தபால்காரர் யார் உதவியும் இல்லாமல் தெருவில் இறங்கினார். மெக்கானிக்கை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எட்டு மாதத்தில் பதினான்கு பலகைகள் போயின. ஒவ்வொன்றும் படியை அளந்த பிறகு மாற்றியது. மீதி துருப்பிடித்துக் கிடக்கின்றன. வாடகைப் பட்டறையில் பாதி இடத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. அக்கா பழையபடி மருத்துவமனைக்குப் போகிறாள். விடுமுறை நாளில் மட்டும் வருகிறாள். பட்டறை நிலைக்குமா என்பது இருவருக்குமே தெரியாது. புதுப் பலகையில் யாராவது ஏறும்போதெல்லாம் மெக்கானிக் கீழே குந்தி, போல்ட்டை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.